புதிய டிஸ்க்கும் பழைய துருவும்: பிக்கப் டிரக்கின் முன் பிரேக்கில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

முன் பிரேக் பேடுகளையும் டிஸ்க்குகளையும் மாற்றுவது, வீட்டு வாசலில் ஒரு சனிக்கிழமைக்குள் முடிந்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் கனடாவின் ஒண்டாரியோவைப் போலப் பனிக்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டும் இடங்களில், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. மீதி முழுவதும் துரு சுரண்டுவதே. வேலை முடிந்த பிறகு எழும் உதறல், சூடு, ஓசை ஆகிய குறைகளில் பெரும்பகுதி, சுரண்டாமல் விட்ட ஏதோ ஒரு பரப்பிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் அனுபவம். பொருள்களின் தரத்தைச் சந்தேகிக்கும் முன் அந்தப் பரப்புகளைச் சந்தேகிப்பது நல்லது.

முன்சக்கரக் காலிப்பர்களில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் இருபுறமும் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் கவ்விகளில், இரண்டு வகை உண்டு. ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் உள்ளது நகரும் காலிப்பர்: பிஸ்டன்கள் உட்புறம் மட்டுமே இருக்கும், அவை உள்பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும்போது, காலிப்பரின் உடல் இரண்டு ஸ்லைடு பின்களின் மீது நகர்ந்து வெளிப்பேடை இழுத்துக்கொள்ளும். 2023 வரையிலான டொயோட்டா டக்கோமாவின் நான்கு சக்கர இயக்க வகைகளில் உள்ளது நிலையான காலிப்பர்: இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு பிஸ்டன்கள் இருப்பதால், ஸ்லைடு பின்னுக்கு அங்கே வேலையில்லை. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, கீழே சொல்வதில் பொருந்தாததை விட்டுவிடலாம்.

ஒரு சொல் பாதுகாப்பைப் பற்றி. வண்டி சமதளமான கெட்டித் தரையில் நிற்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கை பிரேக்கையும் போட்டுவிட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய பாரத்தைத் தாங்குவது சேசிஸின் கீழ் வைக்கும் ஸ்டாண்டுகளின் வேலை. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பிரேக் கிளீனர் தெளித்து நனைத்த பிறகே துடைக்க வேண்டும்.

கீச்சிடும் ஓசை

பிரேக்கை மெதுவாக மிதிக்கும்போது உயர்ந்த சுருதியில் ஒரு கீச்சொலி தொடர்ந்து எழுந்தால், முதலில் பேடின் தடிமனைப் பார்க்க வேண்டும். பல பேடுகளில் ஒரு சிறிய இரும்பு நாக்கு இருக்கும். உராய்வுப் பொருள் தேய்ந்து ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. மட்டும் மீதமானவுடன் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும்படி அமைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால் வெளிப்பேடு மட்டுமே தெரியும். வெளிப்பேடு தடிமனாக இருக்கிறது என்று திருப்தியடைந்து விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. உள்பேடைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கேட்டு மறையும் கரகரப்பு, டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு கழிவதால் வருவது. அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இரும்பு அரைபடும் ஓசை

இது உராய்வுப் பொருள் முற்றிலும் தீர்ந்து, பேடின் முதுகுத் தகடே டிஸ்க்கை உழும் ஓசை. வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. டிஸ்க்கை மாற்றுவதா வேண்டாமா என்பதற்குக் கண்மதிப்பு போதாது. டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். எடுத்துக்காட்டாக, டக்கோமாவின் 319 மி.மீ. விட்டமுள்ள முன் டிஸ்க் புதிதாக 28 மி.மீ. தடிமன் இருக்கும், 26 மி.மீ. ஆனவுடன் அதன் ஆயுள் முடிந்தது. மொத்தத்தில் இரண்டே மி.மீ. என்பதால், அளப்பதில் கவனம் வேண்டும். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் பேடு தொடாத ஒரு வரம்பு உயர்ந்து நிற்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அது அந்த வரம்பின் மேல் உட்கார்ந்து, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டரால், வரம்புக்கு உள்ளே தள்ளி அளப்பதே சரி.

ஒரு பக்கம் இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் சுடுவது

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வண்டி வலப்பக்கம் இழுத்தால், குற்றவாளி பெரும்பாலும் இடப்பக்கச் சக்கரம். அது பிடிக்கவில்லை, வலது மட்டும் பிடிக்கிறது. பிரேக்கை மிதிக்காமலேயே வலப்பக்கம் இழுத்தால், வலது சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியால் இரு முன்சக்கர டிஸ்க்குகளையும் அளப்பது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

பிடித்துக்கொண்ட சக்கரத்தைத் தூக்கி வைத்து, கையால் சுற்ற முடியாத நிலையிலேயே காலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற வைத்திருக்கும் பிளீடர் திருகைச் சற்றே திறக்க வேண்டும். பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது என்று பொருள். ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி நடந்தால், ரப்பர் ஹோஸின் உட்சுவர் உப்பிப் போய், ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாத ஒருவழிக் கதவாக மாறியிருப்பதை முதலில் சந்தேகிக்கலாம். திருகைத் திறந்தும் சக்கரம் விடுபடவில்லையென்றால், கோளாறு இரும்பில் இருக்கிறது: துருவேறிய பிஸ்டன், இறுகிய ஸ்லைடு பின், அல்லது பேடுகளைத் தாங்கும் சட்டமான பிராக்கெட்டில் சிக்கிய பேடு. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் காலிப்பரை வாங்கிவிட்டு, மறுவாரம் ஹோஸையும் வாங்கியவர்கள் பலர். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

பழைய பேடுகள் சொல்வது

கழற்றிய நான்கு பேடுகளையும் இடது உள், இடது வெளி என்று எழுதிய அட்டையின் மேல் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்; குப்பையில் போடும் முன் அவற்றைப் படித்துவிட்டால் பாதிச் சோதனை முடிந்துவிடும். நகரும் காலிப்பரில் உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பிஸ்டன் பின்வாங்கவில்லை, அல்லது பின்கள் இறுகிக் காலிப்பர் நகராததால் உள்பேடே எல்லா வேலையையும் செய்திருக்கிறது. வெளிப்பேடு மட்டும் தேய்ந்திருந்தால், இழுத்துக்கொண்டு வந்த காலிப்பர் திரும்பிப் போகவில்லை. பின்களைப் பார்க்க வேண்டும். ஒரே பேடு ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் மெல்லியதாகவும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கும், அல்லது பேடின் காது பிராக்கெட்டில் சிக்கியிருக்கும்.

பின்களை உருவும்போது எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் அதுவே சிக்கிக்கொள்ளும். பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் அல்லது செயற்கைக் கிரீஸை மட்டுமே தடவ வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் பெட்ரோலியத்தால் ஆனது. அது பிரேக் ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்து, எதைத் தடுக்க வந்தோமோ அதையே வரவழைத்துவிடும்.

டிஸ்க் கழன்று வராதபோது

காலிப்பரையும் பிராக்கெட்டையும் கழற்றிய பிறகும் டிஸ்க் அசையாமல் ஹப்போடு (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் சுழலும் நடுப்பகுதி) ஒட்டிக்கொண்டிருப்பது, உப்பு மண்டலத்தில் விதிவிலக்கல்ல, விதி. (கழற்றிய காலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்கவிட வேண்டும், ஹோஸில் பாரம் விழக் கூடாது.) முதலில் சக்கரம் மாட்டும் போல்ட்டுத் தண்டுகளின் மேல் மெல்லிய இரும்பு வளையங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், தொழிற்சாலையில் டிஸ்க் நழுவாமல் இருக்க மாட்டிய அவற்றை வெட்டி எறிந்துவிடலாம். டக்கோமாவின் டிஸ்க்கில் 8 மி.மீ. மரையுள்ள இரண்டு துளைகள் உண்டு. அவற்றில் இரண்டு போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானே பிதுங்கி வரும். அந்தத் துளைகள் இல்லாத வண்டிகளில், துரு இளக்கும் எண்ணெயை ஹப்பின் நடுவட்டத்திலும் தண்டுகளைச் சுற்றியும் ஊறவிட்டு, தண்டுகளுக்கு இடையே உள்ள சமதளத்தில் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். டிஸ்க்கை மாற்றப் போகிறோம் என்பதால் அது அடிபடலாம். தண்டின் மரையும், பின்னால் இருக்கும் தூசித் தகடும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாரின் கம்பியும் அடிபடக் கூடாது.

கழன்று வந்தவுடன் புதிய டிஸ்க்கை மாட்டக் கை துடிக்கும். அதற்கு முன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெள்ளி நிறம் தெரியும் வரை தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தண்டின் அடியைச் சுற்றியும் மோதிரம் போல் துரு குவிந்திருக்கும். தூரிகை அங்கே போகாது, சிறிய உளியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது கடைசியில், உதறலைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

பிஸ்டன் உள்ளே போகாதபோது

முன் காலிப்பரின் பிஸ்டனை நேராக அழுத்தினால் போதும், திருக வேண்டியதில்லை. இரண்டு பிஸ்டன்கள் அருகருகே உள்ள காலிப்பரில் ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே வரும் என்பதால், பழைய பேடை இரண்டின் மேலும் குறுக்கே வைத்து, சி-கிளாம்பால் நடுவில் மெதுவாக இறுக்க வேண்டும். நகர மறுத்தால், பிளீடரில் குழாய் மாட்டித் திறந்துவிட்டு அழுத்திப் பார்க்கலாம்: இப்போது எளிதாகப் போனால் தடை ஹோஸில், அப்போதும் அடம்பிடித்தால் பிஸ்டனில் துரு, காலிப்பரை மாற்றுவதே வழி. ரப்பர் பூட் கிழிந்து ஈரம் புகுந்த பிஸ்டனை எப்படியோ உள்ளே தள்ளிவிட்டாலும், அது திரும்பி வருவதற்கு உத்தரவாதமில்லை. பிளீடரைத் திறக்காமல் அழுத்துவதாக இருந்தால் மேலே உள்ள ஆயில் தொட்டியைக் கவனிக்க வேண்டும்; பேடு தேயத் தேய மட்டம் இறங்குவதைப் பார்த்து யாராவது இடையில் ஊற்றி நிரப்பியிருந்தால், இப்போது அது வழிந்துவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

புதிய பேடு இருக்கையில் உட்கார மறுக்கும்போது

அட்டைப் பெட்டியில் தவறான பேடு வந்துவிட்டது என்று பலரும் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் பேடு சரியாகவே இருக்கும்; பிராக்கெட்டுதான் வீங்கியிருக்கும். பேடின் காதுகள் நகரும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகில் மெல்லிய கிளிப்புகள் இருக்கின்றன. கிளிப் துருப்பிடிக்காது, ஆனால் அதன் அடியில் இருக்கும் வார்ப்பிரும்புப் பிராக்கெட் துருப்பிடிக்கும். துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், கிளிப்பைக் கீழிருந்து தள்ளி உயர்த்தி, பேடின் காதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இதுவே பழைய பேடு சிக்கி, ஆப்பு போல் தேய்ந்ததற்கும், டிஸ்க் சுட்டதற்கும் காரணமாக இருந்திருக்கலாம்.

செய்யக்கூடாதது, பேடின் காதை அரத்தால் ராவி உள்ளே திணிப்பதும் சுத்தியலால் தட்டி இறக்குவதும். செய்ய வேண்டியது, கிளிப்புகளைக் கழற்றி எறிந்து, அவை இருந்த பள்ளங்களை அரத்தாலும் கம்பித் தூரிகையாலும் வெற்று இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்து, மூலைகளில் ஒளிந்திருக்கும் துருப் பொருக்கையும் சுரண்டி எடுத்த பின் புதிய கிளிப்புகளை மாட்டுவது. இரும்பையே ராவிப் பள்ளத்தை அகலமாக்கிவிடவும் கூடாது; பிறகு பேடு ஆடி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஓசை தரும். காதுகள் தொடும் இடத்தில் விரல் நுனியால் ஒரு படலம் கிரீஸ் போதும். பேடு கட்டை விரலின் அழுத்தத்துக்கே வழுக்கி நகர வேண்டும். நகரவில்லையென்றால், மறுபடி கழற்றிச் சுரண்ட வேண்டும். இதில் சலுகை கிடையாது.

புதிய டிஸ்க்கின் மேல் துருத் தடுப்பு எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் இருபுறமும் துடைத்த பிறகே பேடு அதைத் தொட வேண்டும்.

வேலை முடிந்தபின் பெடல் தரை வரை போனால்

முதல் மிதியில் பெடல் கீழே போவது இயல்பு. பின்தள்ளிய பிஸ்டன்கள் பேடை வந்து சேர வேண்டும். அதனால்தான் வண்டியைக் கியரில் போடும் முன், இருந்த இடத்திலேயே பெடலைச் சிறு சிறு மிதிகளாக, கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் தரை வரை ஓங்கி மிதிப்பது நல்லதல்ல. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர், வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் போய்க் கிழியலாம்.

பலமுறை மிதித்தும் பஞ்சு போல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. காலிப்பரையே மாற்றியிருந்தால், பிளீடர் திருகு உச்சியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால், எல்லாம் பொருந்தும், பிளீடர் மட்டும் அடியில் போய்விடும். காற்றோ மேலே தங்கும். எத்தனை போத்தல் ஆயில் செலவழித்தாலும் அந்தக் காற்று வெளியே வராது. ஊற்றும் ஆயில் எந்த வகை என்பது தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 என்றோ டாட் 4 என்றோ சொல்லியிருக்கும் வண்டியில் சிலிக்கானாலான டாட் 5 ஐ ஊற்றிவிடக் கூடாது. திறந்து வைத்த பழைய போத்தலும் வேண்டாம். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ஆயிலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் 140 தான்.

பெடல் கல் போல் கடினமாக இருந்தும் வண்டி நிற்கத் தயங்கினால், காற்று காரணமல்ல. எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கைந்து முறை மிதித்து, மிதித்தபடியே எஞ்சினைப் போட வேண்டும். மிதியின் விசையைப் பெருக்கும் வெற்றிட பூஸ்டர் உள்ள வண்டியில் அது நன்றாக இருந்தால் பெடல் சற்றே கீழே இறங்கும். இறங்கினால் மீதமிருப்பது புதிய பேடு டிஸ்க்கோடு இன்னும் பழகாததும், கைரேகைக் கிரீஸ் பட்டிருப்பதும்தான். பழக்குவதற்குப் பேடு உற்பத்தியாளர் சொல்வதையே பின்பற்ற வேண்டும்; பலரும் சொல்லும் பொதுக் கணக்கு, 30 மைல் வேகத்திலிருந்து மிதமாக 30 முறை நிறுத்துவது, ஒவ்வொன்றுக்கும் இடையே 30 விநாடி குளிர விடுவது.

சக்கரம் சுற்றும்போது ஒரே சீராக உரசும் ஓசை வந்தால், சுத்தியல் வேலையின்போது வளைந்த தூசித் தகட்டை விரலால் நிமிர்த்திவிட்டால் போதும்.

சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் வரும் உதறல்

வேலை முடிந்த அன்று வண்டி வெண்ணெய் போல் நின்றது. ஆறு மாதம் கழித்து, நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் டிஸ்க் வளையவில்லை. அதன் தடிமன் ஓரிடத்தில் ஒரு மாதிரியாகவும் வேறிடத்தில் வேறு மாதிரியாகவும் ஆகிவிட்டது.

அது எப்படி ஆகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஹப்பின் முகத்தில் ஓர் ஓரத்தில் 0.05 மி.மீ. தடிமனுள்ள துருச் செதில் ஒன்றை விட்டுவிட்டதாகக் கொள்வோம். அது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. முகத்தின் விட்டம் 150 மி.மீ. என்றும், பேடு பிடிக்கும் இடத்தின் வெளிவட்டம் 330 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், ஓரத்தில் டிஸ்க்கின் தள்ளாட்டம், அதாவது சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும் அளவு, 0.11 மி.மீ. ஆகிவிடும். பொதுவாக அனுமதிக்கப்படுவதோ 0.05 மி.மீ. அளவுதான். இந்தத் தள்ளாட்டம் முதல் நாள் காலுக்குத் தெரியாது, ஏனென்றால் நகரும் காலிப்பர் அதோடு சேர்ந்து ஆடிக்கொள்ளும். ஆனால் பிரேக்கை மிதிக்காதபோதும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடான பகுதி பேடைத் தொட்டுச் செல்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பிக்கப்பின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 11 சுற்று சுற்றும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு அந்த இடம் மட்டும் தேய்கிறது, அல்லது பேடின் பொருள் அங்கே படிகிறது. தடிமனில் 0.02 மி.மீ. வேறுபாடு வந்தாலே கைக்கு உதறலாகத் தெரியத் தொடங்கிவிடும்.

எனவே முதலில், உதறல் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகிறதா என்று கவனிக்க வேண்டும். வேகம் குறையக் குறைய உதறலின் தாளமும் தளர்ந்தால் அது டிஸ்க். நிற்பதற்குச் சற்று முன் நடைவேகத்தில் மட்டும் பெடலில் ‘டர்ர்’ என்று அதிர்ந்தால், அது சென்சாரின் அடியில் துரு ஏறி இடைவெளி கூடியதால் ஏபிஎஸ் ஏமாந்து வேலை செய்வதாக இருக்கலாம். டிஸ்க்கை மாற்றி அதற்குத் தீர்வு கிடைக்காது. டிஸ்க்தான் என்று தெரிந்தால், சுற்றிலும் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்து தடிமன் வேறுபாட்டை உறுதிசெய்யலாம்.

வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக உட்காரச் செய்யும். எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். 2004க்குப் பிந்தைய எஃப்-150க்கு 204 நியூட்டன் மீட்டர், 2023 வரையிலான டக்கோமாவுக்கு 113. ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு இருப்பதால், நண்பர் சொன்ன எண்ணை நம்பாமல் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். காலிப்பர், பிராக்கெட் போல்ட்டுகளுக்கும் அப்படியே. முதல் 160 கி.மீ. ஓடியவுடன் வீல் நட்டுகளை ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம்.

புதிய டிஸ்க்கை மாட்டிய அன்றே தள்ளாட்டத்தை அளந்துவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. டிஸ்க்கை எல்லா நட்டுகளாலும் சமமாக இறுக்கி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும், காந்தப் பிடியுள்ள டயல் கேஜை, ஹப்பைத் தாங்கும் நக்கிளில் நிறுத்தி, அதன் முள்ளை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். 0.05 மி.மீ.க்கு மேல் காட்டினால், டிஸ்க்கைக் கழற்றி ஹப்பை மீண்டும் துடைத்து, டிஸ்க்கை ஒரு தண்டு தள்ளி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். ஆறு தண்டுள்ள ஹப்பில் ஆறு நிலைகள் உண்டு. ஹப்பின் சிறு கோணலும் டிஸ்க்கின் சிறு கோணலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலை அவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்ததும் தண்டிலும் டிஸ்க்கிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைக்கலாம். ஆறிலும் குறையவில்லையென்றால் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஹப்பின் முகத்திலேயே முள்ளை வைத்துப் பார்க்க வேண்டும். ஹப்பே ஆடினால், மாற்ற வேண்டியது பேரிங்கோடு கூடிய ஹப், அது வேறொரு சனிக்கிழமை வேலை.